ஜிப்ஸியை 2 அங்குலம் உயர்த்தினால்

மாருதி ஜிப்ஸியின் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை 2 அங்குலம் உயர்த்திவிட்டு, தரைக்கும் வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். முன்பிருந்த அதே 210 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடியிருக்காது. ஜிப்ஸியின் முன் அச்சும் பின் அச்சும் இடப்பக்கச் சக்கரத்திலிருந்து வலப்பக்கச் சக்கரம்வரை ஒரே உடலாக ஓடும் திட அச்சுகள். சக்கரத்தின் மையம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் அச்சும் இருக்கும். அச்சில் புடைத்துக்கொண்டு நிற்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்தான் தரைக்கு மிக அருகில் வருவது. ஸ்பிரிங் தூக்குவது சேஸிஸையும் அதன்மேல் அமர்ந்திருக்கும் பாடியையும் மட்டுமே.

அப்படியானால் பழைய ஜிப்ஸிகளையும் ஜீப்புகளையும் வைத்திருப்பவர்கள் ஏன் ஆசை ஆசையாக அவற்றை உயர்த்துகிறார்கள்? அதில் உண்மையான பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் உயரத்தில் இல்லை, கோணங்களில் இருக்கிறது. அதற்கான விலையும் கோணங்களிலேயே கேட்கப்படுகிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது வண்டியின் ஸ்டீயரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர், பிரேக் எல்லாமே ஒரு குறிப்பிட்ட உயரத்தை மனத்தில் வைத்துத்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்த உயரத்தை மாற்றினால் இவை அனைத்தின் கணக்கும் சேர்ந்தே மாறும். சிறிய மாற்றத்தைச் சரிசெய்துவிடலாம். பெரிய மாற்றம் வண்டியையே புதிதாக வடிவமைக்கச் சொல்லும்.

இதைப் புரிந்துகொள்ள ஜிப்ஸியைவிடப் பொருத்தமான வண்டி நம் நாட்டில் இல்லை. சுசுகி ஜிம்னியின் நீளமான வடிவமாக 1985இல் இந்தியாவுக்கு வந்த வண்டி இது. முதலில் 970 சி.சி. எஞ்சின், 1996இல் ‘ஜிப்ஸி கிங்’ என்ற பெயரோடு 1.3 லிட்டர் எஞ்சின். ராணுவம், காவல்துறை, வனத்துறை, கார்பெட், ரந்தம்பூர் காடுகளின் சஃபாரி, இமயமலைப் பந்தயங்கள் என்று அது ஓடாத கரடுமுரடு இல்லை. பொதுமக்களுக்கான விற்பனை நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் அடிப்பகுதி எளிமையானது: ஏணி போன்ற சேஸிஸ், இரண்டு திட அச்சுகள், நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங். ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று என்ன ஆகிறது என்பதைத் தரையில் படுத்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

உயரம் தரும் கோணங்கள்

மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காமல் இருக்க ஒரு கோணம் வேண்டும். இறங்கும்போது பின்பக்கம் இடிக்காமல் இருக்க இன்னொரு கோணம். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் இருக்க மூன்றாவது கோணம். இந்த மூன்றுமே சேஸிஸின் உயரத்தைப் பொறுத்தவை. மூன்றாவதை எளிதாகக் கணக்கிடலாம். ஜிப்ஸியின் சக்கர இடைவெளி 2375 மி.மீ. சேஸிஸின் நடுப்பகுதி தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், ஏறக்குறைய 28 பாகை மேட்டைத் தட்டாமல் கடக்கலாம். சேஸிஸை 50 மி.மீ. உயர்த்தினால் அது 33 பாகையை நெருங்கும். காட்டுப்பாதையில் வயிறு மாட்டிக்கொண்டு நான்கு சக்கரமும் வீணாகச் சுற்றுவதற்கும், உரசாமல் கடந்துபோவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் இந்தச் சில பாகைகள்தான்.

இரண்டாவது பயன், சக்கரம் மேலேறி இறங்கக் கிடைக்கும் இடம். குண்டும் குழியுமான பாதையில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது, அதே அச்சின் மறுமுனைச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். இறங்க முடியாவிட்டால் அது அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். தொங்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை என்பதால், தரையில் பதிந்திருக்கும் சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது. வண்டி நின்றுவிடும். ஆகவே கரட்டுப் பாதையில் வண்டியை நகர்த்துவது உயரத்தைவிட, சக்கரங்களை மண்ணிலேயே வைத்திருக்கும் நெகிழ்வுதான். ஸ்பிரிங்கை விறைப்பாக்கி உயரம் தேடுபவர்கள் இந்த நெகிழ்வைக் கொடுத்துத்தான் உயரத்தை வாங்குகிறார்கள். அது நட்டமான வியாபாரம்.

முதலில் இழந்ததை மீட்போம்

பழைய வண்டி என்றால் ஒரு முன்வேலை உண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் சுமை தாங்கிய பட்டைகள் மெல்ல மெல்லத் தம் வளைவை இழக்கின்றன. எஃகு மீள்தன்மை உடையதுதான். ஆனால் மீண்டும் மீண்டும் பெரிய சுமை விழும்போது ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவில் நிரந்தரமாக வளைந்துபோகிறது. வெளியில் தெரியாத இந்தச் சேர்மானம் ஆண்டுகள் கழித்து ஓர் அங்குலமாக வந்து நிற்கும். ஓட்டுநர் பக்கம் கூடுதலாக அமிழ்ந்து வண்டி ஒருபுறம் சாய்ந்திருப்பதையும் பார்க்கலாம்.

எனவே எந்த உதிரிபாகத்தையும் வாங்கும் முன் அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் உள்ள அதே மாடல் வண்டியோடு அந்த அளவை ஒப்பிட்டால், நாம் தேடும் 2 அங்குலத்தில் எவ்வளவு புதிய உயரம், எவ்வளவு தொலைந்துபோன பழைய உயரம் என்பது தெரிந்துவிடும். பலருக்குப் புதிய பட்டைகள் மட்டுமே போதும், உயர்த்தவே தேவையிருக்காது.

பட்டைகளுக்கு இடையே சேர்ந்த துருவும் கவனிக்க வேண்டியது. வண்டி குலுங்கும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். துரு அந்த வழுக்கலைப் பிடித்துவைத்தால், சிறிய குலுக்கல்களில் ஸ்பிரிங் அசையவே அசையாது. அதிர்ச்சி நேராகச் சேஸிஸுக்குப் போகும். பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினாலே பழைய வண்டி இளமையாக ஓடும்.

உயர்த்தும் வழிகள்

பட்டை ஸ்பிரிங் வண்டியை உயர்த்த நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: கூடுதல் வளைவுள்ள புதிய பட்டைகள், இருக்கும் கட்டில் ஒரு பட்டையைச் சேர்ப்பது, நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைப்பது.

ஒரு பட்டையைச் சேர்ப்பது மலிவு. ஆனால் அது ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டியே உயரத்தைத் தருகிறது. ஒரு சக்கரத்தின்மேல் 200 கிலோ சுமை, ஸ்பிரிங் 1 மி.மீ. அமிழ 2 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் 100 மி.மீ. அமிழ்ந்து நிற்கும். பட்டை சேர்த்து விறைப்பை 2.5 கிலோவாக்கினால் 80 மி.மீ. மட்டுமே அமிழும், வண்டி 20 மி.மீ. உயரும். இதில் இயற்பியலின் அழகான உண்மை ஒன்று உண்டு. வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம், ஸ்பிரிங் எவ்வளவு அமிழ்ந்து நிற்கிறது என்ற ஒரே எண்ணைத்தான் பொறுத்தது. 100 மி.மீ. என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 1.6 முறை, 80 மி.மீ. என்றால் 1.8 முறை. ஆட்டம் வேகமாகும்போது முதுகெலும்பு அதை உணரும். சக்கரங்களின் நெகிழ்வும் குறையும்.

கூடுதல் வளைவோடு செய்த புதிய பட்டை இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. விறைப்பு அதேதான், அமிழ்வும் அதேதான். தொடங்கும் இடம் மட்டும் உயர்ந்திருக்கிறது. ஆகவே மிதமான உயர்வுக்கு நேர்மையான வழி இதுவே. பழைய பட்டையையே ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றுவதும் வழக்கம். அது சில காலம் நிற்கும். ஆனால் களைத்துப்போன எஃகு மீண்டும் அமிழ்வதற்கே சாயும். கேஸ் வெல்டிங் சுடரில் காய்ச்சி வளைத்தால் எஃகின் பதமே போய்விடும். அதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

கட்டை வைப்பதில் வேறு ஆபத்து. பிரேக் போடும்போதும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் அச்சு தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை நுழைந்தால் அந்தச் சுழற்சிக்கு நெம்புகோல் நீளம் கூடி, பட்டைகள் நெளியும். முன் அச்சில் கட்டையை வைக்கவே கூடாது. திசையையும் பெரும்பங்கு பிரேக்கையும் தாங்குவது அந்த அச்சு.

ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று

நீளமான ஷேக்கிள் மலிவானது, ஒரே மதியத்தில் மாட்டிவிடலாம். அதனாலேயே அதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் ஒரு முனை சேஸிஸோடு நேராகவும், மறுமுனை ஷேக்கிள் வழியாகவும் இணைந்திருக்கிறது. ஷேக்கிள் முனை மட்டும் தாழ்வதால், நடுவில் இருக்கும் அச்சுக்குப் பாதி உயரமே கிடைக்கும்: 50 மி.மீ. நீளம் கூட்டினால் 25 மி.மீ. உயர்வு. அதோடு ஸ்பிரிங் முழுவதும் சாய்கிறது. ஸ்பிரிங்கின் நீளம் 900 மி.மீ. என்று கொண்டால் அந்தச் சாய்வு சுமார் 3 பாகை.

ஜிப்ஸியின் முன் ஸ்பிரிங்கில் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. எனவே அது நீளும்போது அச்சு முன்நோக்கிக் கவிழ்கிறது. சக்கரம் திரும்பும் சுழல்தண்டின் மேல்முனையும் முன்னே போகிறது. அந்தத் தண்டு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைத்தான் காஸ்டர் கோணம் என்கிறோம். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும், கையை விட்டாலும் அது நேராக ஓட உதவுகிறது. இங்கேயும் வேலை அதுவே. தொழிற்சாலை தந்திருப்பதே சில பாகைகள்தான். அதில் 3 போனால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகாது, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும், சில வேகங்களில் முன்சக்கரங்கள் உதறும். வெறும் 25 மி.மீ. உயர்வுக்கு இவ்வளவு விலை.

இதைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகட்டை வைத்து அச்சைப் பின்னோக்கிச் சாய்ப்பார்கள். காஸ்டர் திரும்பி வரும். ஆனால் முன் அச்சின் டிஃபரன்ஷியலிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு சேரும் முனை பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அச்சைச் சாய்த்ததும் அந்த முனை கீழ்நோக்கிப் போய், ஷாஃப்ட்டோடு சேரும் கோணம் கூடும். வண்டியை உயர்த்தியதாலேயே ஷாஃப்ட் முன்பைவிடச் சரிந்துதான் நிற்கிறது, 700 மி.மீ. நீள ஷாஃப்ட் என்றால் 50 மி.மீ. உயர்வு சுமார் 4 பாகையைக் கூட்டும். இப்போது அதற்கும் மேலே இந்த ஆப்பு.

ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் இருக்கும் சிலுவை ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது கோணத்தில் சுற்றும்போது, ஒருபுறம் சீராக உள்ளே வரும் சுழற்சி மறுபுறம் சீராக வெளியேறாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 10 பாகைக் கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் 1.5 சதவீதம், 20 பாகையில் 6 சதவீதத்துக்கும் மேல். கோணம் இருமடங்கானால் தொல்லை நான்கு மடங்காகிறது. இரு முனைகளிலும் கோணங்கள் சமமாக இருந்தால் ஒன்றின் துடிப்பை மற்றொன்று ரத்து செய்துவிடும். சமநிலை குலைந்தால் அதிர்வு வரும், ஜாயின்ட் சீக்கிரமே தேயும். மிதமான உயர்வைப் பரிந்துரைப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. காஸ்டர், ஷாஃப்ட் இரண்டுக்குமே பொறுக்கக்கூடிய ஓர் இடைநிலை 2 அங்குலம்வரை கிடைக்கும். அதைத் தாண்டினால் ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலியிட வேண்டும்.

ஷாக் அப்சார்பரையும் மறக்கக் கூடாது. வண்டி 50 மி.மீ. உயர்ந்தால் பழைய ஷாக் நிற்கும் நிலையிலேயே 50 மி.மீ. நீண்டிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங்குக்கு இடம் இருந்தும் ஷாக் தன் எல்லையைத் தொட்டு, தன் பிடிமானத்தையே பிய்க்கப் பார்க்கும். நீளமான ஷாக் வேண்டும்; ஆனால் முழுதாகச் சுருங்கும்போது ரப்பர் நிறுத்தி தொடும் முன்பே அது முட்டிக்கொள்ளாத நீளமாகவும் இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் இழுபடாமல் இருக்கிறதா என்று வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்ப்பது கட்டாயம். பின்பக்கச் சுமைக்கு ஏற்ப பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. அந்த வால்வு சுமையை எடைபோடுவதில்லை. அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அளக்கிறது. வண்டியை உயர்த்தினால் பின்பக்கம் காலி என்று அது முடிவு செய்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதை மறுபடி சீரமைக்க வேண்டும்.

சாய்ந்துவிடும் அபாயம்

ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதற்கு முதற்கணக்கு ஒன்று உண்டு. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழ்வு மதிப்பீட்டுக்கு இந்த எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கியது. சாதாரணக் கார்களுக்கு அது 1.3 முதல் 1.5வரை; உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3வரை.

பிற்கால ஜிப்ஸியின் சக்கர அகலம் சுமார் 1300 மி.மீ. ஈர்ப்பு மையம் 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் விடை 1.0. சேஸிஸை 50 மி.மீ. உயர்த்தும்போது அச்சும் சக்கரமும் இருந்த இடத்திலேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் சுமார் 40 மி.மீ. ஏறும், விடை 0.94 ஆகும். இத்தோடு நின்றால் சமாளிக்கலாம். ஆனால் ஒரு டன் வண்டியின் கூரைமேல் கேரியர் பூட்டி, 1.9 மீட்டர் உயரத்தில் 60 கிலோ ஏற்றினால், அது மட்டுமே ஈர்ப்பு மையத்தை 70 மி.மீ. தூக்கிவிடும். ஸ்பிரிங் செய்த வேலையைவிட அதிகம்! இரண்டும் சேர்ந்தால் விடை 0.85. உயர்த்திய வண்டியின் கூரையில் பாரம் ஏற்றாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இந்தக் கணக்கால்தான்.

ஜிப்ஸியின் உடன்பிறப்பான சுசுகி சாமுராய்க்கு அமெரிக்காவில் நேர்ந்ததும் நினைவில் கொள்ளத்தக்கது. கவிழும் அபாயம் காரணமாக 1988இல் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற நுகர்வோர் அமைப்பு தன் சோதனைக்குப் பின் அதற்கு ‘ஏற்கத்தக்கதல்ல’ என்ற மதிப்பீட்டைத் தந்தது. சுசுகி 1996இல் தொடுத்த வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. சோதனை சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும் வண்டியில் சில அங்குலங்கள் எவ்வளவு பெரிய கேள்வியாகின்றன என்பது தெளிவு.

டயரும் சட்டமும்

டிஃபரன்ஷியல் ஹவுசிங்கை உண்மையில் உயர்த்துவது டயர் மட்டும்தான். 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மி.மீ.; 215/75 ஆர் 15இன் விட்டம் சுமார் 704 மி.மீ. இந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 18 மி.மீ., ஹவுசிங்குக்குக் கீழே கூடுதலாகக் கிடைக்கும். சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் வண்டித்தடத்தின் நடுமேட்டில் அதன் மதிப்பு தெரியும். சேஸிஸை உயர்த்துவதன் ஒரு நோக்கமே, இந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் திரும்ப இடம் கொடுப்பதுதான். இதற்கும் விலை உண்டு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். தரையில் கிடைக்கும் இழுவை 5 சதவீதம் குறையும். சிறிய எஞ்சினுக்கு அது ஏற்றத்தில் தெரியும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே எதையும் தொடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிவது நல்லது. விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தால் பதில் சொல்வது கடினம்.

இத்தனையும் பார்த்த பிறகு வேலையின் வரிசை தானாகவே தெளிவாகிறது. முதலில் அளவு. பிறகு புஷ், ஷேக்கிள் பின், ஷாக், தேய்ந்த ஸ்டீயரிங் மூட்டுகள். அதன்பின் தேவையான விறைப்பில், தேவையான வளைவில் புதிய பட்டைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்கப் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதியவை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து கிழியும். கடைசியாகக் காஸ்டரையும் ஷாஃப்ட் கோணங்களையும் அளந்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

பழைய வண்டியை அதிகம் மாற்றாமல் மேம்படுத்துவதே அதை வடிவமைத்தவர்களுக்கு நாம் தரும் மரியாதை. அவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். 2 அங்குலம் அந்த இடத்துக்குள் அடங்கும். அதற்குமேல் போக விரும்புபவர் ஸ்பிரிங்கோடு சேர்த்து ஷாஃப்ட், ஸ்டீயரிங், பிரேக் அனைத்தையும் புதிதாக அமைக்கத் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பு இல்லையென்றால் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே அறிவு. பாதி ஆசையைப் புதிய பட்டைகள் மட்டுமே தீர்த்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது அதைவிடச் சிறந்தது.